மரபணு திருத்திய நெல்லை உங்கள் வயலில் விதைப்பீர்களா?

களர்மண்:
நான் வேதாரண்யம் பக்கம், கடைமடை. ஒரு ஏக்கர் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. 2018 கஜா புயலில் கடல்நீர் ஏறிப் போனதிலிருந்து அது பழைய நிலைக்கு வரவே இல்லை. தை தாண்டினால் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துவிடும், தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நாற்று 20 நாளில் நுனி கருகி நூல் மாதிரி ஆகிவிடும். இப்போது கேள்விக்கு வருகிறேன். 2025 மே 4ஆம் தேதி டெல்லியில் மத்திய வேளாண் அமைச்சர் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று 'டிஆர்ஆர் தான் 100' என்ற ரகம், கமலா என்று பெயர், நாம் பிபிடி என்று சொல்லும் சம்பா மசூரியிலிருந்து வந்தது. இன்னொன்று பூசா டிஎஸ்டி ரைஸ் 1, இது எம்டியு 1010 என்ற ரகத்திலிருந்து. இரண்டாவது ரகம் கடலோர உவர் நிலத்தில் 30.4% கூடுதலாக விளையும் என்கிறார்கள். எனக்கு அந்த 30 தான் கண்ணில் நிற்கிறது. விதை கிடைத்தால் போடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் நேராகச் சொல்லுங்கள்.

பச்சைவயல்:
போடாதீர்கள் அண்ணா. மரபணு மாற்றிய பிடி பருத்தி 2002இல் வந்தபோதும் இப்படித்தான் எண்களோடு வந்தது. அப்புறம் இளஞ்சிவப்பு காய்ப்புழு அதற்குப் பழகிக்கொண்டது, மருந்துச் செலவு திரும்பி வந்தது, நாட்டுப் பருத்தி விதை தேடினாலும் கிடைக்காத நிலை ஆனது. பிடி கத்தரிக்காயை 2010இல் நிறுத்தி வைத்தார்கள், மக்கள் கேள்வி கேட்டதால்தான் நிறுத்தினார்கள். இப்போது கேள்வி கேட்கவே வழியில்லாமல் செய்துவிட்டார்கள். 2022 மார்ச்சில் மத்திய அரசு, வெளி மரபணு இல்லாத திருத்தங்களுக்கு, மரபணு மாற்றிய உயிர்களுக்கான 1989 விதிகளின் முக்கியமான சோதனைகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. நாம் தினமும் மூன்று வேளை சாப்பிடும் பொருளுக்கு இந்த விலக்கு எதற்கு?

திசுவளர்ப்பு:
பச்சைவயல், பருத்தியையும் இதையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள். நான் நெல் திசு வளர்ப்பு ஆய்வகத்தில் 6 வருடம் வேலை பார்த்தவள். இந்த இரண்டு ரகங்களில் என் கை படவில்லை, ஆனால் முறை தெரியும். பிடி பருத்தியில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது, செடியே ஒரு நச்சைச் செய்கிறது. இங்கே நெல்லில் ஏற்கனவே உள்ள ஒரு மரபணுவை, கிரிஸ்பர் என்ற மூலக்கூறுக் கத்தியால் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறார்கள். செடி அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது ஒரு சில எழுத்துகள் மாறிப்போகும், அந்த மரபணு வேலை செய்யாது, அவ்வளவுதான். கமலாவில் நிறுத்தியது சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் ஒரு நொதியை. சிதைவு குறைந்தால் கதிரில் மணிகள் கூடும். இது இயற்கையில் இல்லாத விஷயமும் இல்லை: ஹபதாகி என்ற நெல்லில் இதே மரபணு இயல்பாகவே குறைவாக வேலை செய்வதை 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். களர்மண் கேட்கும் ரகத்தில் டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கியிருக்கிறார்கள். அது முடங்கினால் இலைத்துளைகள் குறையும், தண்ணீர் ஆவியாவது குறையும், வறட்சியையும் உப்பையும் தாங்கும் சக்தி கூடும்.

பச்சைவயல்:
வெளி மரபணு இல்லை என்கிறீர்கள். அந்த வெட்டும் கத்தி செடிக்குள் எப்படிப் போனது? பாக்டீரியா வழியாகத்தானே? கத்தியின் மரபணு நெல்லின் மரபணு அல்லவே. இடையில் உள்ளே வந்தது முழுசாகப் போய்விட்டது என்று எந்த ஆதாரத்தை வைத்து நம்புவது?

திசுவளர்ப்பு:
நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆமாம், பெரும்பாலும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா வழியாகத்தான் கத்தி உள்ளே போகும். உமி நீக்கிய நெல்லைச் சத்துக் கலந்த கூழில் வைத்தால் சில வாரத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில், நனைந்த ரவையைப் பிடித்து வைத்தது போல ஒரு திரட்டு வரும். அதில்தான் இந்த வேலை நடக்கும். அதிலிருந்து முளை எடுத்து, தொட்டியில் வளர்த்து, அதன் விதையை மறுபடி விதைப்போம். அந்த அடுத்த தலைமுறையில், கத்தி ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால், சுமார் 4இல் 1 செடியில் கத்தி இருக்காது, பள்ளியில் படித்த மெண்டல் கணக்கு. ஒவ்வொரு செடியிலும் இலைத்துண்டு கிள்ளிச் சோதித்து, கத்தி இல்லாத, ஆனால் வெட்டு விழுந்த செடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவோம். அந்தத் தட்டுகளில் பேர் எழுதி எழுதியே என் விரல் காய்த்துப் போயிருக்கிறது. வேறு இடத்தில் தவறி வெட்டு விழுமா என்றால், விழலாம். அதையும் முழு மரபணுத் தொகுதியைப் படித்துப் பார்க்க முடியும். திசு வளர்ப்பே தன் பங்குக்குச் சில மாற்றங்களை உண்டாக்கும் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சு கொடுத்து கண்மண் தெரியாமல் மாற்றிய ரகங்களை நாம் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறோம். டிராம்பே நிலக்கடலை ரகங்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அப்படி வந்தவைதான். அப்போது யாரும் சாலை மறியல் செய்யவில்லை.

அரிசிமண்டி:
நான் மண்டி வைத்திருப்பவன், ஆய்வகம் தெரியாது. பிபிடி அரிசிக்கு விலை கிடைப்பதே சன்ன ரகம், சோறு உதிரியாக வரும் என்பதால்தான். கமலா 19% கூடுதல் விளைச்சல், 20 நாள் முன்னதாக அறுவடை என்கிறார்கள், நல்லது. மணி கூடும்போது பதர் கூடுமா, அரவையில் குருணை எவ்வளவு விழும், இதை யார் சொல்வது? அடுத்து, மூட்டையில் பெயர் இல்லாமல் பழைய பிபிடியோடு கலந்து வந்தால் எனக்கே அடையாளம் தெரியாது. இயற்கை அரிசி என்று தேடி வாங்கும் வாடிக்கையாளரிடம் நான் என்ன பதில் சொல்வேன்? மூட்டையில் ஒரு வரி அச்சடித்தால் போதும், வேண்டுகிறவர் வாங்கட்டும், வேண்டாதவர் விடட்டும்.

பச்சைவயல்:
மண்டிக்காரர் சொல்வது எனக்கும் சம்மதம். திசுவளர்ப்பு, கத்தி வெளியே போகும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன், உங்கள் விளக்கம் புரிந்தது. ஆனால் என் கோபம் வெட்டின் மேல் இல்லை, பூட்டி வைத்த எண்களின் மேல். அந்த 30% எந்த ஊரில், எத்தனை திடலில், எத்தனை பருவத்தில் வந்தது? அகில இந்திய நெல் திட்டத்தின் ஆண்டறிக்கைகளில் உள்ள எண்களையே எடுத்துக்காட்டி, அறிவித்த அளவுக்கு இதில் வேறுபாடு தெரியவில்லையே என்று 2025 இறுதியில் எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமான ஐசிஏஆர் அதை மறுத்தது. மறுப்பதோடு நிற்காமல் திடல்வாரியாக முழுக் கணக்கையும் எல்லோரும் பார்க்கும்படி போட்டால் சண்டையே பாதி ஓய்ந்துவிடும். பொதுப்பணத்தில் செய்த ஆராய்ச்சி அது.

திசுவளர்ப்பு:
இதில் உங்களோடு நிற்கிறேன். முழுத் தரவையும் வெளியிட வேண்டும். கத்தி நல்லது என்பதால் அதில் வெட்டியதெல்லாம் நல்லது ஆகிவிடாது.

பச்சைவயல்:
இன்னொன்று, விதை யாருடையது? திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோ திருப்பிக் கொடுப்போம், அதுதான் கணக்கு. கிரிஸ்பர் காப்புரிமைக்கு அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத் தரப்பும் பிராட் ஆய்வு நிறுவனமும் வருடக்கணக்கில் வழக்காடியிருக்கின்றன. நாளைக்கு விதையின் விலையில் அதன் பங்கும் ஏறாது என்று எழுதிக் கொடுப்பார்களா?

களர்மண்:
தம்பி, விதை விஷயத்தில் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001, பிரிவு 39: விளைந்ததில் விதை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்கலாம், பெயர் போட்டு முத்திரை குத்தி விற்கக்கூடாது. காப்புரிமைக்காரர்கள் கேட்டு வந்தாலும் இந்தப் பிரிவில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அரசின் வேலை. இன்னொரு பக்கம், நீ பாரம்பரியம் என்று சொல்வதையும் நான் தள்ளவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் உப்பு மண்ணில் குழியடிச்சான்தான் எழுந்து நின்றது, என் அப்பா விதைத்தார், நானே அறுத்திருக்கிறேன். ஆனால் வைக்கோல் நெஞ்சளவு, காற்றடித்தால் சாய்ந்துவிடும், ஏக்கருக்கு 12 மூட்டை தாண்டினால் அன்று வீட்டில் பாயசம். 12 மூட்டையில் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது என்பதால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

பச்சைவயல்:
அது தெரியாமல் பேசவில்லை அண்ணா. என் வீட்டிலும் அதே கணக்குதான்.

திசுவளர்ப்பு:
களர்மண், ஒன்று கவனியுங்கள். களரும் உவரும் ஒன்றில்லை. வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உவர், நல்ல தண்ணீர் விட்டு வடித்தால் குறையும். களரில் சோடியம் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும், அதற்கு ஜிப்சம் வேண்டும். பூசா ரகத்துக்கே களரில் 14.66%, உள்நாட்டு உவரில் 9.66%, கடலோர உவரில் 30.4% என்று தனித்தனியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த 30 உங்களுக்குப் பொருந்துமா என்பது மண் பரிசோதனை அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். முதலில் அதை எடுங்கள்.

களர்மண்:
சரி, இந்த வாரமே மண் எடுத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுக்கிறேன். ஒரு ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் 3 மா. வரும் சம்பாவில் ஒரு மாவில் குழியடிச்சான், அடுத்த மாவில் திருச்சி 3 என்ற ரகம். மூன்றாவது மாவைச் சும்மா போடுகிறேன், புது விதை கைக்கு வந்தால் அதில். மூன்றுக்கும் ஒரே தண்ணீர், ஒரே நாள் விதைப்பு. பச்சைவயல், அறுவடைக்கு நீயும் வா, மூட்டையை உன் கண் முன்னால் எடை போடுவோம்.

பச்சைவயல்:
வருகிறேன் அண்ணா. வரப்பு நடுவில் இரண்டு முழம் இடைவெளி விடுங்கள், விதை கலந்துவிடக்கூடாது.