சாப் 9000: நான்கு கார்களுக்கு ஒரே பிளாட்ஃபார்ம் என்றால் கதவு ஏன் மாற்றிப் பொருந்தாது?

எர்ணாவூர் டிப்ளமோ:

எல்லோருக்கும் வணக்கம். ஆட்டோமொபைல் டிப்ளமோ கடைசி வருஷம் படிக்கிறேன். பிளாட்ஃபார்ம் பகிர்வு, அதாவது பல கார்களை ஒரே அடித்தளத்தில் செய்வது பற்றி ஒரு கட்டுரை கொடுக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் டஸ்டர், டெரானோ என்று எடுத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் பலேனோ, கிளான்சா. நான் மட்டும் சுவீடனின் சாப் 9000 எடுத்திருக்கிறேன்.

நான் புரிந்துகொண்டது இதுதான். 1978-ல் சாப் கம்பெனியும் ஃபியட் குழுமமும் சேர்ந்து ஒரு பெரிய கார் செய்ய ஒப்பந்தம் போட்டார்கள். அதற்கு டைப் ஃபோர் என்று பெயர். அதிலிருந்து சாப் 9000, லான்சியா தீமா, ஃபியட் குரோமா, ஆல்ஃபா ரோமியோ 164 என்று நான்கு கார்கள் வந்தன. படத்தில் பார்த்தால் முதல் மூன்றுக்கும் கதவு ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சாப் கதவு மற்றதில் ஏறாது என்கிறார்கள். ஒரே அடித்தளம் என்று ஆரம்பித்துவிட்டுக் கதவுகூட பொதுவாக இல்லை என்றால் அப்புறம் எதைத்தான் பகிர்ந்துகொண்டார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை டை மேக்கர்:

தம்பி, நல்ல காரை எடுத்திருக்கிறாய். நான் எண்ணூர் பக்கம் ஒரு பிரஸ் ஷாப்பில் டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் கருவி செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் காரைப் பற்றி முதலில் படித்தது அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு மோட்டார் பத்திரிகையில். அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சாப் ஏன் கூட்டாளி தேடிப் போனது என்று பார். சாப் 1937-ல் விமானம் செய்யத் தொடங்கிய கம்பெனி. முதல் கார் 1949-ல்தான் விற்பனைக்கு வந்தது. 1967-ல் 99 என்ற காரைக் காட்டினார்கள். 1978-ல் அதையே நீட்டித்து 900 ஆக்கினார்கள். இரண்டும் அருமையான கார்கள். ஆனால் அதற்கு மேல் ஒரு பெரிய கார், அதாவது கம்பெனி மேனேஜர், டாக்டர், வக்கீல் வாங்கும் கார், அவர்களிடம் இல்லை. 1977-ல் வால்வோவோடு இணையப் பேச்சு நடந்தது. மே மாதம் அறிவித்தார்கள், ஆகஸ்டில் கைவிட்டார்கள். அடுத்த வருஷமே இத்தாலிக்காரர்களோடு ஒப்பந்தம். புதிய காரைத் தனியாகச் செய்ய அந்தச் சிறிய கம்பெனிக்குப் பணம் போதாது என்பதுதான் இதில் இருக்கும் உண்மை. ஒரு காரின் பாடிக்கு மட்டும் எத்தனை டை செட் வேண்டும் என்று பிரஸ் ஷாப்பில் நின்று பார்த்தவனுக்கு இது சொல்லாமலே புரியும்.

கூட்டுறவு ஏற்கனவே கொஞ்சம் ஓடிக்கொண்டிருந்தது. லான்சியா டெல்டா காரை சாப்-லான்சியா 600 என்று பெயர் மாற்றி 1980 முதல் சுவீடனில் விற்றார்கள். பெரிய காரின் வடிவத்தை இத்தாலியின் ஜியார்ஜெட்டோ ஜியுஜியாரோ வரைந்தார். சாப் தரப்பில் பியோர்ன் என்வால் கூட இருந்தார். ஆல்ஃபா கடைசியாகச் சேர்ந்து பாடியைப் பினின்ஃபரினாவிடம் கொடுத்து 1987-ல் வந்தது. அதனால்தான் அதன் கதவு பார்வைக்கே வேறு.

இப்போது உன் கதவுக்கு வருகிறேன்.

சாப்பில் 1970-களின் தொடக்கம் முதலே ஒரு குழு, சுவீடன் சாலைகளில் விபத்துக்குள்ளான சாப் கார்களை நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தது. எந்த இடம் நசுங்கியது, உள்ளே இருந்தவருக்கு எங்கே அடி, சீட் எப்படி நகர்ந்தது என்று எல்லாமே. கையில் இவ்வளவு குறிப்பை வைத்துக்கொண்டு, இத்தாலியில் எல்லோரும் ஒத்துக்கொண்ட வரைபடத்தை அப்படியே ஏற்றுக்கொள்ள அவர்களால் முடியவில்லை. கதவுக்குள் பக்கவாட்டு இடிக்கு வலுவூட்டல் வைத்தார்கள். முன்பக்கக் கட்டமைப்பைத் தங்கள் கணக்குப்படி மாற்றினார்கள்.

டை வேலை தெரிந்தவன் கண்ணோடு இதைப் பார். கதவுக்குள் ஒரு குறுக்குச் சட்டம் வைக்கிறோம் என்று வை. இன்னர் பேனல் மாறும். எடை கூடும். எடை கூடினால் கீல் மாற வேண்டும். கீல் மாறினால் அதைத் தாங்கும் பில்லர் என்ற தூணுக்குள் இருக்கும் தகடு தடிமனாக வேண்டும். தடிமன் மாறினால் வெல்டிங் செய்யும்போது தகடுகளைப் பிடித்துவைக்கும் ஃபிக்சர் மாறும். வெளித்தகடு மட்டும் பழையபடியே இருக்கும். நீ படத்தில் பார்ப்பது அந்த வெளித்தகட்டைத்தான். கடைசியில் சாப்புக்கும் குரோமாவுக்கும் மாற்றிப் போடக்கூடிய பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது.

முன் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் நிற்கும் பில்லரில் சுவீடன்காரர்கள் இவ்வளவு கவனம் வைத்ததற்குக் காரணம் மூஸ் என்ற பெரிய மான். 400, 500 கிலோ இருக்கும். கால் நீளம். பம்பர் காலைத் தட்டிவிடும், உடம்பு முழுவதும் கண்ணாடி மேல் வந்து விழும். நம் ஊரில் மூஸ் கிடையாது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்கள் இருக்கின்றன. இருட்டில் பின்னால் போய் மோதும் காரின் பானெட் டிரெய்லருக்கு அடியில் நுழைந்துவிடும், முழு அடியும் அந்தப் பில்லருக்குத்தான். இரண்டிலும் பம்பருக்கு வேலையே இல்லை. அதனால் இந்த விஷயம் எனக்கு வெறும் வெளிநாட்டுச் செய்தியாகத் தெரிவதில்லை. உன் கட்டுரையில் இதற்கு ஒரு பக்கம் கொடு.

பின் சக்கர அச்சும் வேறு. இத்தாலிக்காரர்கள் பின்னாலும் சக்கரத்துக்குத் தனித்தனி ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண் வைத்தார்கள். சாப் ஒரே நேர் அச்சு வைத்து, அது பக்கவாட்டில் நகராமல் பேனார்ட் ராட் என்ற குறுக்குக் கம்பி போட்டது. மலிவுக்காகச் செய்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 99, 900 இரண்டிலும் அதே வழியில் போனவர்கள் அவர்கள். கார் சாய்ந்தாலும் டயர் ரோட்டுக்கு நேராகவே நிற்கும், பனியில் பிடிமானம் மாறாது. ஆனால் அச்சு வேறு என்றால் பின் தளத்தகடும் வேறு. பகிர்வில் இன்னொரு பெரிய பங்கு அங்கேயே போய்விட்டது.

ராயபுரம் இஞ்சின் ரூம்:

அண்ணே சொன்னது அத்தனையும் சரி. நான் கப்பலில் இஞ்சினியராக இருந்தவன், இந்தக் காரில் உட்கார்ந்தே போயிருக்கிறேன். கோதன்பர்க் துறைமுகத்தில் எங்கள் கப்பல் நின்றபோது ஏஜென்ட் ஒருவர் 9000 வைத்திருந்தார். ஊருக்குத் திரும்பும் மூன்று பேரை விமான நிலையத்தில் விட வந்தார். கப்பல்காரன் மூட்டை எப்படி இருக்கும் என்று நம் ராயபுரம் ஆட்களுக்குத் தெரியும். எல்லாம் டிக்கியில் போய்விட்டது. பின்கதவு பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் ஹேட்ச்பேக் அது. பின் சீட்டில் நாங்கள் மூன்று பேரும் தோள் இடிக்காமல் உட்கார்ந்தோம். வெளியே பனி கொட்டுகிறது, கூட வந்து முன்னால் உட்கார்ந்த எங்கள் சீஃப் இஞ்சினியருக்கு சீட் சூடாக இருந்தது.

வெளியே பார்த்தால் அப்படி ஒன்றும் நீளமான கார் இல்லை. பின்னாளில் படித்தேன், அமெரிக்க அரசின் கணக்கில் உள்ளிட அளவை வைத்து இதைப் பெரிய கார் வகையில் சேர்த்திருந்தார்கள் என்று. இறக்குமதிக் கார்களில் அந்த வரிசையில் இதோடு ரோல்ஸ் ராய்ஸ்தான் இருந்தது. இஞ்சினைக் குறுக்காக வைத்ததால் கிடைத்த இடம் அது. 900-ல் இஞ்சின் நெடுக்காக இருக்கும். அந்த விஷயத்தில் இத்தாலிக் கூட்டால் சாப்புக்கு நல்ல லாபம் என்பது என் எண்ணம். தம்பி, இதையும் எழுது, கூட்டில் நஷ்டம் மட்டும்தான் என்று எழுதிவிடாதே.

இன்னொன்று. சாப் என்றால் சாவித் துவாரம் இரண்டு முன் சீட்டுக்கு நடுவே இருக்கும். 9000-ல் மட்டும் எல்லாக் கார்களையும் போல ஸ்டியரிங் பக்கம் வைத்துவிட்டார்கள். அந்த ஏஜென்டுக்கு அதில் வருத்தம் இருந்தது, ஏறியவுடன் அதைத்தான் சொன்னார்.

வியாசர்பாடி இஞ்ஜெக்‌ஷன்:

பாடி பற்றி அண்ணன்கள் சொல்லிவிட்டார்கள். நான் இஞ்சின் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுக்க முழுக்க சாப்பின் சொந்த வேலை. இத்தாலிக்காரர்கள் தங்கள் இஞ்சினைப் போட்டுக்கொண்டார்கள். தீமாவில் ஃபெராரி வி8 போட்ட ஒரு மாடலே இருந்தது.

1984-ல் 9000 வந்தபோதே 2 லிட்டர், 16 வால்வ், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், 175 குதிரைத்திறன். பெர் கில்பிராண்ட் என்ற பொறியாளர்தான் சாப்பின் டர்போவுக்குப் பின்னால் இருந்தவர். இஞ்சின் நாக் அடிப்பதை, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவதை, சென்சார் வைத்துக் கேட்டு டர்போ அழுத்தத்தைத் தானே குறைக்கும் ஏற்பாடு அவர் கொண்டுவந்தது. பெட்ரோல் தரம் ஊருக்கு ஊர் மாறினாலும் இஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

1988-ல் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரையும் ஹை டென்ஷன் வயர்களையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் வைத்த ஒரே பெட்டியை மேலே உட்காரவைத்தார்கள். 1993-ல் டிரையோனிக் என்ற இஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினி வந்தது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிளக் பொறி விட்டு முடித்தவுடன் அதே பிளக் முனையில் சிறிய மின் அழுத்தம் கொடுத்து, எரிந்த வாயு வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளக்கிறார்கள். நாக் அடித்தால் அந்த ஓட்டம் துடிக்கும். எரியாமல் தவறினால் ஓட்டமே இருக்காது. தனியாக நாக் சென்சார் வேண்டாம், பிளக்கே சென்சார். கணக்குப் போட 32 பிட் மோட்டோரோலா சிப். என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் மிஸ்ஃபயர் கண்டுபிடிக்க நான் படும் பாட்டை நினைத்தால், அன்றைக்கே இப்படி யோசித்தவர்கள் மேல் மரியாதை வருகிறது.

உறுதிக்கு ஒரு சாட்சி. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் அலபாமாவில், டல்லடீகா பந்தயச் சுற்றில் மூன்று 9000 டர்போக்களை இரவு பகலாக ஓட்டினார்கள். பெட்ரோலுக்கும் சர்வீசுக்கும் மட்டும்தான் நிறுத்தம். 20 நாளில் ஒவ்வொன்றும் 1 லட்சம் கிலோமீட்டர். முதல் காரின் சராசரி வேகம் மணிக்கு 213 கிலோமீட்டர், நின்ற நேரத்தையும் சேர்த்து. அவை பந்தயத்துக்கென்று செய்த வண்டிகள் இல்லை, ஆலையிலிருந்து வந்த வண்டிகள்.

எர்ணாவூர் டிப்ளமோ:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி அண்ணா. கட்டுரைக்கு வேண்டியது நிறையக் கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. எங்கள் சார் “பகிர்வு வெற்றியா தோல்வியா, ஒரே வரியில் சொல்” என்பார். பாகங்கள் பொதுவாக இல்லாததால் தோல்வி என்று எழுதலாமா?

தண்டையார்பேட்டை டை மேக்கர்:

அப்படி எழுதாதே தம்பி. கணக்கு இரண்டு வகை இருக்கிறது, பிரித்துப் பார்.

முதலாவது வடிவமைப்புச் செலவு. உள்ளே எத்தனை பேர் உட்கார வேண்டும், சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, இஞ்சின் எங்கே, இதையெல்லாம் பேசி முடித்து ஒரு காரின் உருவத்துக்கு வருவதே பெரிய வேலை. அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பங்கு இல்லாமல் சாப்புக்கு இவ்வளவு பெரிய கார் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. ராயபுரம் தம்பி சொன்ன இட வசதி அதில் வந்ததுதான்.

இரண்டாவது உற்பத்திச் செலவு. ஒரு டை லட்சக்கணக்கில் அடித்தால் ஒவ்வொரு தகட்டின் மேலும் விழும் விலை குறையும். பிளாட்ஃபார்ம் பகிர்வின் உயிர்நாடி இதுதான். டஸ்டரும் டெரானோவும் ஒரகடத்தில் ஒரே ஆலையில் வந்தன. 9000 அப்படி இல்லை. ட்ரோல்ஹேட்டனில் சாப் தனியாகத் தகடு அடித்தது, தனியாக வெல்டு செய்தது. 1984 முதல் 1998 வரை மொத்தமே 5 லட்சத்துக்குச் சற்று மேல்தான் செய்தார்கள். பதினான்கு வருஷத்துக்கு இது குறைவு. தனக்கென்று மாற்றிய ஒவ்வொரு பாகத்தின் செலவையும் இந்த எண்ணிக்கையே சுமக்க வேண்டியிருந்தது.

நடுவே மால்மோவில், மூடப்பட்ட கப்பல் கட்டும் தளம் இருந்த இடத்தில் புது ஆலை கட்டி 1989-ல் திறந்தார்கள். 1991-லேயே மூடினார்கள். 1989 கடைசியில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சாப் கார் பிரிவில் பாதிப் பங்கை வாங்க ஒப்பந்தம் ஆனது. அடுத்த பெரிய கார் 9-5, 1997-ல் அந்த ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்தின் ஓப்பல் வெக்ட்ரா காரின் வழிவந்த அடித்தளத்தில் வந்தது. அதிலும் சாப்காரர்கள் தங்கள் பாதுகாப்புக் கணக்கை விடவில்லை. 2011 டிசம்பரில் கம்பெனி திவாலானது. அதற்குக் காரணங்கள் பல, பழியை 9000 மேல் போடுவது நியாயமில்லை.

ஆக, உன் சார் கேட்டால் வடிவமைப்பில் வெற்றி, உற்பத்தியில் தோல்வி என்று சொல். ஒரே வரிதான் வேண்டும் என்றாலும் அது ஒரே வரிதான். என்னைக் கேட்டால், கதவுக்குள் அந்தச் சட்டத்தை வைக்காமல் மிச்சம் பிடித்திருக்கலாமே என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். விபத்துக் குறிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு எப்படிச் செய்ய முடியும்?

படம் ஒன்று போடு. குரோமாவின் பின் அடித்தளத்தையும் 9000-ன் பின் அடித்தளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரை. அச்சு எங்கே பிடிக்கிறது, பேனார்ட் ராட் எந்தப் பக்கம் மாட்டுகிறது, ஸ்ட்ரட் கோபுரம் எங்கே வருகிறது என்று குறி. முதல் வரைவு முடிந்ததும் இங்கேயே போடு, பார்த்துச் சொல்கிறேன்.