டோபமைன் நியூரான் வளர்ப்பு: இன்னும் உறுத்தும் தட்டு எது?

தட்டுவாசி:
முன்னோடிச் செல்லை (நியூரானாக மாறும் முன் நிலையிலுள்ள செல்) தட்டில் விதைத்து நாலாவது வாரம். முந்தின நாள் வரை கிளைவிட்டுப் பின்னிக்கிடந்த செல்கள். மீடியம் (ஊட்டத் திரவம்) மாற்ற பிப்பெட் முனையை வைத்ததுமே ஓரம் கழன்று, பாய் சுருட்டினதுபோல் மொத்தப் படலமும் மிதந்தது. மீடியத்தில் வளர்ச்சிக் காரணிகளான பிடிஎன்எஃப், ஜிடிஎன்எஃப் தலா 20 நானோகிராம்/மிலி, அஸ்கார்பிக் அமிலம் 200 மைக்ரோமோலார், செல் முதிர உதவும் டைபியூட்டிரில் சைக்ளிக் ஏஎம்பி 0.5 மில்லிமோலார். எதிலும் குறையில்லை. பக்கத்துக் குழியில் அதே செல், அதே மீடியம், அசையவே இல்லை. எப்படி?

ஓரக்குழி:
மீடியத்தை விடுங்க, செல் ஒட்டத் தட்டில் பூசும் கோட்டிங்கைப் பாருங்க. முதல் பூச்சு பாலி-ஆர்னிதின் 15 மைக்ரோகிராம்/மிலி, ஓர் இரவு. பிறகு ஸ்டெரைல் தண்ணீரில் மூன்று முறை கழுவணும். ஒட்டாமல் தங்குவது செல்லுக்கு நஞ்சு. அதன் மேல் பூசும் லேமினின் புரதத்தை 4 டிகிரியில் மெதுவாக உருக்கணும். அவசரத்துக்கு 37 டிகிரியில் போட்டால் குழாயிலேயே ஜெல்லாகி, ஒரு குழிக்கு நிறைய, அடுத்ததுக்குக் கொஞ்சம் என்று போய்ச் சேரும். ஆக்சான் (நியூரானின் நீண்ட இழை) வலை இறுகி இழுக்கும்போது பிடிப்பு குறைந்த குழிதான் முதலில் கழலும். மீடியத்தையும் முழுசாக உறிஞ்சாதீங்க. பாதி எடுத்து, சுவரோரமாக விடுங்க.

கேட்காமலே இன்னொன்று: முன்னோடிச் செல்லை எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிக் காரணியில் பாசேஜ் மேல் பாசேஜாக (பிரித்துப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றி) பெருக்கினால் எண்ணிக்கை ஏறும், டோபமைன் பக்கம் போகும் திறன் இறங்கும். கடைசியில் காபா சுரக்கும் வேறுவகை நியூரானும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்லும்தான் மிஞ்சும். பெருக்கும்போது ஆக்சிஜனை 3 சதவீதம் அளவில் வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இருட்டுஅறை:
ஒட்டியிருந்த குழியில் இருப்பது டோபமைன் சுரக்கும் நடுமூளை நியூரான்தானா என்று யாருமே கேட்கலையே! ஒருமுறை நான் சாயமேற்றிப் பார்த்தபோது, டோபமைன் தயாரிக்க உதவும் நொதியான டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் தட்டு முழுக்கப் பளிச். அடையாளப் புரதமான ஃபாக்ஸ்ஏ2-இன் நிறச் சேனலைத் திறந்தால் ஒரே இருட்டு. அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நொதி நார்அட்ரினலின் நியூரானிலும் உண்டு, ஹைப்போதலாமஸிலும் உண்டு. ஃபாக்ஸ்ஏ2, எல்எம்எக்ஸ்1ஏ என்ற இன்னொரு அடையாளப் புரதம், இரண்டும் அதே செல்லின் உட்கருவில் சேர்ந்து தெரியணும். பெரும்பாலும் கோளாறு சிஎச்ஐஆர் (ஸ்டெம் செல் எந்த மூளை மண்டலமாகும் என்பதைத் திருப்பும் வேதிப்பொருள்) அளவில்தான்: குறைந்தால் முன்மூளைப் பக்கம், கூடினால் பின்மூளைப் பக்கம். 0.7 மைக்ரோமோலாரைச் சுற்றி ஒவ்வொரு செல் வரிசைக்கும் தனியாகப் பார்த்தே ஆகணும்.

ஓரக்குழி:
அது ஸ்டெம் செல்லிலிருந்து தொடங்குபவர்களுக்கு. இவர் கையில் இருப்பது முன்னோடிச் செல். மண்டலம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. இப்போது சிஎச்ஐஆரைத் திருத்தி என்ன பயன்?

இருட்டுஅறை:
அதனால்தான் சொல்றேன், முன்னோடிச் செல்லைச் சேமிக்க உறைய வைக்கும் முன்பே சாயமேற்றிப் பாருங்க. நாலு வாரம் வளர்த்தபின் பார்ப்பது வீண்.

உச்சிக்கோடு:
சாயச் சண்டை போதும். 56 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு கொடுத்து நியூரானைத் தூண்டி, வெளிவரும் டோபமைனை எச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) அளங்க. மேல்திரவத்தை எடுத்த கையோடு குளிர்ந்த பெர்குளோரிக் அமிலத்தில் சேர்க்கணும். இல்லையென்றால் ஆக்சிஜனேற்றம் ஆகி, வரைபடத்தில் டோபமைனின் உச்சி கரைந்துவிடும். அஸ்கார்பிக் அமிலமும் அதே குழியில் இருப்பதால், அதன் பெரிய உச்சி எங்கே வருகிறது என்று முதலில் பார்த்து வையுங்க.