பேச்சை நைசாக மாற்றுகிற ஆளை வைத்துக்கொண்டு எப்படி விவாதம் செய்வது?

மொட்டைமாடி_மடிப்பாக்கம்:
எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பத்துப் பேர் கூடி ஏதாவது ஒரு ஊர் விஷயத்தை எடுத்துப் பேசுவோம். போன தடவை தண்ணீர். சென்னைக்கு இன்னும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் கட்டுவதா, இல்லை அந்தப் பணத்தை ஏரிகளைத் தூர்வாரவும் மழைநீர் சேகரிப்பை ஒழுங்காக நடத்தவும் போடுவதா. அருமையாகத்தான் ஆரம்பித்தது. ஒருவர், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்தச் சமயத்தில் மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் நிலையங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அங்கேதான் எங்கள் சார் உள்ளே வந்தார். "கரன்ட் எக்கச்சக்கமாகச் செலவாகும், கட்டுப்படியே ஆகாது" என்றார். ஒரு பையன், ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட்தான், லாரித் தண்ணீர் வாங்குகிற காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றான். உடனே சார், "நான் காசைப் பற்றிப் பேசவே இல்லையே, உப்புக்கழிவு கடலுக்குள் போகிறது, மீனவர்கள் கதி என்ன?" என்றார். அது முக்கியமான விஷயம்தான், ஆனால் அதைப் பேசலாம் என்று திரும்பினால் "2015 வெள்ளத்தில் அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போனதே, அப்போது எங்கே இருந்தீர்கள்?" என்கிறார். அந்தப் பையன் 2015இல் ஆறாம் வகுப்பு.

கத்துகிறவரைக்கூட அடக்கிவிடலாம். இவர் சத்தமே போடுவதில்லை, சிரித்துக்கொண்டே செய்கிறார். வயதில் மூத்தவர், எல்லோருக்கும் உதவுகிறவர். முகத்துக்கு நேரே "பேச்சை மாற்றுகிறீர்கள் சார்" என்று சொல்ல எவனுக்கும் வாய் வரவில்லை. என்ன செய்யலாம்?

கோட்டூர்புரம்காரன்:
உங்கள் சார் பரவாயில்லை, பேசவாவது செய்கிறார். எங்கள் குரூப்பில் ஒருவர் ஒன்றேகால் மணி நேர யூடியூப் லிங்க்கைப் போட்டு "இதைப் பார்த்துவிட்டு வா, பேசலாம்" என்பார். பார்த்துவிட்டுப் போய், எந்த இடத்தில் நீங்கள் சொன்னது வருகிறது என்று கேட்டால் அவரே பார்த்திருக்க மாட்டார். அப்புறம் நாலு நிமிட வாய்ஸ் நோட், அதில் முதல் ஒன்றரை நிமிடம் "கேக்குதா, கேக்குதா". இது போக, எதைச் சொன்னாலும் ஆதாரம் ஆதாரம் என்று கேட்டுவிட்டு, கொடுத்தால் படிக்காமல் அடுத்த ஆதாரம் கேட்கிற ஜாதி ஒன்று இருக்கிறது. டிவி விவாதத்தைப் பார்த்துக் கெட்டுப்போனவர்கள் என்பது என் கட்சி. அங்கே நாலு கட்டத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நெறியாளர் "ஒரு நிமிடம் சார், ஒரு நிமிடம் சார்" என்பதோடு விளம்பர இடைவேளை வந்துவிடும்.

பெரம்பூர்_வாத்தியார்:
தம்பி, உங்கள் சார் செய்வது புதுசு இல்லை. நியாய சூத்திரம் என்கிற பழைய தர்க்க நூலில் 22 தோல்வித்தானம் என்று ஒரு பட்டியலே இருக்கிறது, வாதத்தில் ஒருவர் இவற்றில் ஒன்றைச் செய்தால் அந்த இடத்திலேயே தோற்றார் என்று அர்த்தம். முதலில் சொன்னதை விட்டு வேறு ஒன்றைச் சொல்வது தோல்வி, சம்பந்தமில்லாததை இழுப்பது தோல்வி, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வதும் தோல்வி. எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, தன் மேல் வந்த குற்றத்துக்குப் பதில் சொல்லாமல் "உன்னிடமும் அதே குற்றம் இருக்கிறதே" என்பது. நம்ம ஊர் பாஷையில் "நீ மட்டும் ரொம்ப யோக்கியமா?". கட்சிக்காரர்களின் பாதிப் பிரசாரம் இதில் காலி. இன்னொன்று, மாட்டிக்கொண்டதும் "எனக்கு ஒரு வேலை இருக்கிறது" என்று எழுந்து போவது. அதையும் அந்தக் காலத்திலேயே பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் சிக்கலுக்கு வழி: அவரைத் திருத்தப் போகாதீர்கள், அடுத்த தடவை எதிர்த்தரப்பை அவரிடமே கொடுங்கள். சிவஞான சித்தியார் என்கிற சைவ சித்தாந்த நூலில் பரபக்கம் முன்னால், சுபக்கம் பின்னால். அடுத்தவன் கொள்கை என்ன என்பதை எடுத்துச் சொல்லி, அதை மறுத்த பிறகுதான் தன் கொள்கை. "மூத்தவர் நீங்கள், கடல்நீர் நிலையம் வேண்டும் என்கிறவர்கள் கட்சியை நீங்கள்தான் சரியாகச் சொல்ல முடியும் சார்" என்று ஆரம்பித்துப் பாருங்கள். மரியாதையும் ஆச்சு, ஆளும் ஒரு இடத்தில் நிற்பார்.

அண்ணாநகர்_அக்கா:
வாத்தியார் சார் சொன்னது நல்ல யோசனை. ஆனால் ஒன்று கேட்கிறேன், அந்தப் பத்துப் பேரில் பெண்கள் எத்தனை பேர்? 2019இல் குடத்தை வரிசையில் வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்து நின்றது யார்? எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் குறுக்கே வந்து "மேடம் என்ன சொல்ல வருகிறார் என்றால்" என்று நான் சொல்லாத ஒன்றைச் சொல்வார். நான் சொன்னதையே கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வரிசை ஆண் சொன்னால் "கரெக்ட் சார், நல்ல பாயின்ட்" என்று தலையாட்டுவார்கள். மழைநீர் சேகரிப்பு 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆனது, நம் பில்டிங்கில் அந்தக் குழியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தோம் என்று நான் கேட்டதற்கு யாரும் பதிலே சொல்லவில்லை. பேச்சை மாற்றக்கூட இல்லை, காதில் விழாத மாதிரி அடுத்த அஜெண்டாவுக்குப் போய்விட்டார்கள். எனக்கு உங்கள் சாரைவிட இதுதான் பெரிய வியாதியாகத் தெரிகிறது.

துரைப்பாக்கம்_ஷிஃப்ட்:
எனக்குக் குறுக்கே பேசுகிறவர்கள்மேல் அவ்வளவு கோபம் இல்லை (அக்கா சொல்கிற கேஸ் வேறு). டீக்கடையில் ரெண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பேசினால்தான் பேச்சில் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். என்னால் தாங்க முடியாதவர், சூடு பிடிக்கிற நேரத்தில் "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு பஜ்ஜி எடுக்கப் போகிறவர். எந்தப் பக்கம் எவ்வளவு நியாயம் என்று சொல்லிவிட்டுப் போங்களேன். பட்டிமன்ற நடுவர்கூட கடைசியில் ஒரு தீர்ப்பு சொல்கிறார், கைதட்டல் முழுக்க ஜோக்குக்குத்தான் என்றாலும்.

மொட்டைமாடி_மடிப்பாக்கம்:
அக்கா, ரெண்டே ரெண்டு பெண்கள்தான் வருகிறார்கள், ஞாயிறு சாயங்காலம் என்பதே அவர்களுக்குத் தோதான நேரம் இல்லை என்று என் மனைவி சொல்கிறாள். காலைக்கு மாற்றிப் பார்க்கிறோம். குழி விஷயத்தையும் எங்கள் பில்டிங்கில் விசாரிக்கிறேன். வாத்தியார் சார், எதிர்த்தரப்பு யோசனையைக் கட்டாயம் செய்கிறேன். கூடவே ஒரு வெள்ளை போர்டு வைத்து, அவரவர் சொல்வதை ஒரு வரியில் எழுதி, கடைசிவரை அதிலிருந்து நகரக் கூடாது என்று வைக்கலாமா?

பெரம்பூர்_வாத்தியார்:
போர்டு வையுங்கள், நகரக் கூடாது என்று மட்டும் வைக்காதீர்கள். அந்தப் பையன் சொன்ன யூனிட் கணக்கைக் கேட்டு ஒருவர் மனசு மாறினால் அதற்குத்தானே கூடுகிறீர்கள்? மாறுகிறவர் எழுந்துபோய்ப் பழைய வரியைத் தன் கையாலேயே அடித்துவிட்டுப் புதுசை எழுதட்டும். சத்தமில்லாமல் நகர்வதைத்தான் தடுக்க வேண்டும்.