எரிபொருள் மின்கலச் சமானச் சுற்றில் மின்தேக்கி பத்தாயிரம் ஃபாரடைத் தாண்டுகிறது, எங்கே தவறு?

ஆய்வு மாணவர், பெங்களூரு:
வணக்கம். தலா 50 சதுர செ.மீ. பரப்புள்ள 24 கலங்களைக் கொண்டு, விசிறியால் காற்றூட்டப்படும் ஒரு புரோட்டான் சவ்வு எரிபொருள் மின்கல அடுக்குக்குச் சமானச் சுற்று (அதன் நடத்தையை மின்தடை, மின்தேக்கிகளால் காட்டும் மாதிரி) அமைத்துவருகிறேன். சுமையை 5 ஆம்பியரிலிருந்து 20 ஆம்பியருக்கு ஒரேயடியாக உயர்த்தும்போது மின்னழுத்தம் சட்டென்று விழுந்து, பின்னர் சுமார் 40 நொடிகளில் 0.4 வோல்ட் அளவுக்குத் தானாகவே மீள்கிறது. தொடர் மின்தடை ஒன்றும், மின்தேக்கிக்கு இணையாக அமைந்த மின்தடை ஒன்றுமாக வழக்கமான சுற்றைப் பொருத்தினால், கலத்துக்குப் பத்தாயிரம் ஃபாரடுக்கு மேல் தேவைப்படுகிறது. அப்படியும் அந்த மீட்சி கிடைப்பதில்லை. நிலையான மின்னோட்டங்களில் எடுத்த மின்னழுத்த வளைவோ நன்றாகவே பொருந்துகிறது.

மறுமொழி 1:
அந்த மின்தேக்கி, மின்முனைப் பரப்பில் மின்னூட்டம் சேரும் இரட்டைப் படலத்தைக் குறிப்பது. அதற்கு இணையான மின்தடையை மாறிலியாக வைத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். கிளர்வு இழப்பு, அதாவது மின்முனை வினையை நடத்தச் செலவாகும் மின்னழுத்தம், டாஃபெல் சமன்பாட்டின்படி மின்னோட்டத்தின் மடக்கையாக வளர்வதால், சிறு மாற்றங்களுக்கான மின்தடை மின்னோட்டம் கூடக் கூடக் குறையும். இயல் மடக்கைக்கான கெழுவை 0.03 வோல்ட் என்று கொண்டால், 20 ஆம்பியரில் அது 1.5 மில்லியோம்தான், படலத்துக்கு 1 ஃபாரட் கொடுத்தாலும் நேர மாறிலி (மாற்றம் நிலைபெற எடுக்கும் காலத்தின் அளவு) 1.5 மில்லிநொடியைத் தாண்டாது. மேலும், சுமை கூடும்போது இந்தக் கிளை மின்னழுத்தத்தை இறக்க மட்டுமே செய்யும், ஏற்றாது.

உங்கள் 40 நொடிகள் சவ்வின் ஈரத்துக்குரியவை என்பது என் கருத்து. மின்னோட்டம் கூடியவுடன் புரோட்டான்கள் நீரையும் இழுத்துச் செல்வதால் ஹைட்ரஜன் பக்கம் உலர்கிறது. காற்றுப் பக்கம் உருவாகும் நீர் மெதுவாகத் திரும்பி ஊடுருவிய பிறகே மின்தடை தணிகிறது. பெங்களூருவின் வறண்ட மார்ச் காற்றில் இது கூடுதலாகத் தெரியும். சோதனைக்கூடத்தின் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள்.

மறுமொழி 2:
இதை ஊகமாக விட வேண்டாம். 1 கிலோஹெர்ட்ஸ் சிற்றலையைச் செலுத்தி, அந்த 40 நொடிகளிலும் மின்தடையைப் பதிவுசெய்யுங்கள். மின்னழுத்தக் கம்பிகளைச் சுமைக் கம்பிகளோடு சேர்க்காமல் அடுக்கின் முனைகளிலேயே தனியாகப் பொருத்துங்கள். இல்லையெனில் சில மில்லியோம்களை அளக்கும் இடத்தில் கம்பியின் மின்தடையே மேலோங்கிவிடும். விசிறி வேகம் கூட எடுக்கும் நேரத்தையும் பாருங்கள், ஆக்சிஜன் பற்றாக்குறையும் இதே போன்ற பள்ளத்தை உண்டாக்கும்.

ஆய்வு மாணவர், பெங்களூரு:
விசிறியை முழு வேகத்தில் நிறுத்திவைத்து அளந்தேன். அடுக்கின் மின்தடை 110 மில்லியோமிலிருந்து 95 ஆகக் குறைந்தது; 20 ஆம்பியரில் அதுவே 0.3 வோல்ட். சவ்வின் ஈரத்தைத் தனி நிலைமாறியாக (நேரத்தோடு மாறும் அளவாக) சேர்த்துச் சுற்றை மாற்றி எழுதுகிறேன். எஞ்சிய 0.1 வோல்ட்டுக்கு, கலம் சூடாவதைக் கணக்கில் கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1:
ஆம், ஆனால் அதன் நேர மாறிலி நிமிடக்கணக்கில் இருக்கும்; எனவே பதிவை 10 நிமிடங்களுக்கு நீட்டித்த பிறகு பொருத்துங்கள்.