குளிர்காலம் உள்ள காடுகளில் பூச்சி பார்த்த கதைகள்

சருகுமேடு:

மழைக்காட்டுப் பூச்சிகளைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இந்தத் தடவை துணை வெப்பமண்டலக் காடுகள். கடக ரேகைக்கு வடக்கேயும் மகர ரேகைக்குத் தெற்கேயும் ஒட்டினாற்போல இருக்கிற காடுகள். கோடையில் பார்த்தால் மழைக்காடு மாதிரியே இருக்கும். ஆனால் வருஷத்தில் சில மாசம் குளிரும் வறட்சியும் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் நிறுத்திவைத்துவிடும். அதனால் அங்கே என்ன பார்த்தீர்கள் என்பதைவிட, எந்த மாசம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதுதான் முக்கியம். இது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

என் பங்குக்கு ஒன்று. நிலா இல்லாத, புழுக்கமான ஆகஸ்ட் ராத்திரியில் வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டால் துணியே தெரியாத அளவுக்கு விட்டில் வந்து அப்பும். அதே இடத்தில் ஜனவரியில் துணி வெறுமனே தொங்கும். பூச்சிகள் ஊரைவிட்டுப் போய்விட்டன என்று அர்த்தமில்லை. முட்டையாகவோ கூட்டுப்புழுவாகவோ பட்டைக்கு அடியிலும் மட்கிய கட்டைக்குள்ளும் வளர்ச்சியை நிறுத்திவைத்துக் காத்திருக்கின்றன. குளிர்காலத்தில் நான் விளக்கை விட்டுவிட்டுச் சருகுக்குப் போய்விடுவேன். ரெண்டு கை சருகை அள்ளிச் சல்லடையில் சலித்து, புனலில் போட்டு, மேலே ஒரு பல்பை எரியவிட்டால் போதும். சூடும் உலர்ச்சியும் பிடிக்காமல் உள்ளே இருப்பதெல்லாம் கீழே இறங்கிக் குப்பியில் விழும். இத்தாலிக்காரர் பெர்லேசே 1905இல் சொன்ன உத்தி. அவர் சுடுநீரால் சூடேற்றினார், பல்பு பிற்பாடு வந்தது. விழுவதில் பெரும்பாலும் மண்ணில் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன்களும் ஸ்பிரிங்டெயில்களும்தான். (ஸ்பிரிங்டெயிலை இப்போது பூச்சி வகுப்பில் சேர்ப்பதில்லை. ஆறு கால் இருந்தும் இடம் கிடைக்கவில்லை, பாவம்.) வயிற்றுக்கு அடியில் ஒரு கவையை மடித்துக் கொக்கியில் மாட்டி வைத்திருக்கும். கொக்கியை விட்டால் கவை தரையை அறையும், உடம்பு எங்கோ போய் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும்.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். மாசத்தை மறக்காமல் போடுங்கள்.

வடகிழக்கான்:

மாசம் போதாது அண்ணா, வருஷமும் வேண்டும்.

மேகாலயா, ரி-போய் மாவட்டம், சாய்டன் பக்கம். 2022 மே மாசம். அந்தக் காட்டில் ஒரு சில்வண்டு நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் மண்ணைவிட்டு வெளியே வரும். உள்ளூரில் நியாங்தாசர் என்கிறார்கள். அறிவியல் பெயர் கிரெமிஸ்டிகா ரிபோய். 2006, 2010, 2014, 2018, 2022 என்று எழுதிப் பார்த்தால் எல்லாமே கால்பந்து உலகக் கோப்பை வருஷம். அதனால் உலகக் கோப்பைச் சில்வண்டு என்றே ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. ஊரே அறிந்த பூச்சிக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2013இல்தான்.

பொழுது சாயும்வரை ஒன்றும் நடக்கவில்லை. தரையில் விரல் நுழையும் அளவுக்குத் துளைகள் மட்டும் இருந்தன. இருட்டிய பிறகு மண் பூசின இளம்பூச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, நிமிர்ந்து நிற்கிற எதைக் கண்டாலும் ஏற ஆரம்பித்தன. மரம், மூங்கில், புல், என் முழங்கால். கண்மட்டத்தில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்ட ஒன்றை மட்டும் விடாமல் பார்த்தேன். முதுகில் ஒரு கீறல் விழுந்தது. அதன் வழியாக வெளிறிய முதுகு பிதுங்கியது. பிறகு தலை, கால்கள். பாதி உடம்பு வெளியே வந்ததும் அப்படியே பின்னால் சாய்ந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று நினைக்கிற நேரத்தில் சட்டென்று எழுந்து, தன் பழைய கூட்டையே பிடித்துக்கொண்டு வால்பக்கத்தை உருவியது. கசங்கிக் கிடந்த இறக்கைகள் மெல்ல நீண்டு விரிந்தன. விடிவதற்குள் உடம்பு கறுத்து இறுகிவிட்டது.

காலி கூட்டை எடுத்து உள்ளே பாருங்கள். வெள்ளை வெள்ளையாய் நூல்கள் தொங்கும். மூச்சுக்குழாய்களின் உள்தோல் அது. உடம்பின் மேல்தோலோடு சேர்த்து மூச்சுக்குழாயின் தோலையும் உரித்துப் போட்டுவிடும்.

எல்லாம் ஒரே சமயத்தில் வருவதில்தான் சூட்சுமம். பறவை, எறும்பு, சிலந்தி எல்லாமே வயிறு முட்டத் தின்றாலும் தின்று தீராது. மிஞ்சுகிறவை முட்டையிட்டுவிடும். இப்படி வருஷக் கணக்கு வைத்து மொத்தமாக வரும் சில்வண்டுகள் உலகில் மிகச் சில. 13, 17 வருஷக் கணக்கில் வரும் அமெரிக்க வகைகள், எட்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஃபிஜித் தீவு வகை, இது. ஆட்டம் முடிந்து செத்து விழுகிற உடல்களும் வீணாவதில்லை. அவை மட்கும்போது மண்ணில் நைட்ரஜன் கூடுவதை அமெரிக்கச் சில்வண்டுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

2023இல் அதே துளைகள் இருந்த இடத்துக்குப் போயிருந்தால் இந்த இனம் இங்கே இல்லை என்று குறித்துக்கொண்டு வந்திருப்பேன். எல்லாம் மண்ணுக்குள் வேரை உறிஞ்சிக்கொண்டு இருந்திருக்கும்.

கேள்விக்குறி:

காட்டுக்குள் போனால் என்னை முதலில் சந்திப்பது அட்டைதான். அதைச் சொல்லலாமா?

சருகுமேடு:

அட்டை மண்புழுவின் உறவு தம்பி. கணுக்கணுவாக மடியும் கால் உள்ள கணுக்காலி இனம் இல்லை, இந்தப் பந்தியில் இடமில்லை. உண்ணி கடித்த கதை இருந்தால் சொல், அது சிலந்தியின் பங்காளி.

குகைவாசி:

ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்தின் தெற்கு ஓரம், ஸ்பிரிங்புரூக், லாமிங்டன் காடுகள். கோண்ட்வானா மழைக்காடுகள் என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதே, அந்தத் தொகுப்பில் 1994இல் சேர்ந்தவை. ஜனவரி, அங்கே மழைக்காலக் கோடை.

ஸ்பிரிங்புரூக்கில் நேச்சுரல் பிரிட்ஜ் என்ற குகைக்குள் ராத்திரி நுழைந்தால் கூரை முழுக்க நீலப்பச்சைப் புள்ளிகள். மின்மினி என்று நினைப்போம், ஆனால் அது வண்டு இனம். இது காளானைத் தின்னும் கொசு மாதிரியான ஒரு ஈ வகையின் புழு, அராக்னோகாம்பா ஃபிளாவா. இதுவோ காளான் பக்கமே போகாத வேட்டைக்காரன். பாறையிலிருந்து பட்டு நூல்களைச் சரம்சரமாகத் தொங்கவிட்டு, நூல் நெடுகப் பிசுபிசுப்பான துளிகளைக் கோத்து வைத்திருக்கும். வெளிச்சத்தைத் தேடி வரும் சின்னப் பூச்சி ஒட்டிக்கொள்ளும், புழு நூலைச் சுருட்டி மேலே இழுத்துத் தின்னும். யாரோ ஒருவர் டார்ச்சை மேலே அடித்தார். அடித்த இடத்தில் புள்ளிகள் மங்கி அணைந்துவிட்டன. மறுபடி பழையபடி எரிய நேரம் பிடிக்கிறது, அதற்குள் வேட்டை போச்சு. சிவப்புத் தாள் சுற்றிய விளக்கைத் தரையைப் பார்த்துப் பிடியுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

லாமிங்டனில் பார்த்தது பூச்சி இல்லை, ஆனால் கணுக்காலி. மழை விட்ட காலை. நடைபாதை நடுவில் நீல நிறத்தில் ஒரு நன்னீர்க் கல் இறால், ஓடையைவிட்டு வெகுதூரத்தில், நிதானமாக நடந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை முள். கிட்டே குனிந்ததும் ரெண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு உஸ்ஸென்று சீறியது. வழி விட்டது நான்தான்.

ஊதா:

தைவான், கௌசியுங் மாநகரத்து மாவ்லின் பள்ளத்தாக்கு. டிசம்பர்.

குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் பூச்சிகளைப் பற்றி மேலே பேசினார்கள். இடம் மாறிக் கழிப்பவையும் உண்டு. தீவின் வடக்கு, நடுப் பகுதிகளிலிருந்து ஊதா நிறக் காக்கை வண்ணத்துப்பூச்சிகள் தெற்கே இறங்கி வந்து, காற்றுப் படாத பள்ளத்தாக்குகளில் நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டமாகத் தங்கும். ஒன்றல்ல, யூப்ளோயா பேரினத்தில் நாலு இனங்கள் சேர்ந்து. விடிகாலையில் கொடிகளில் தொங்குவதெல்லாம் காய்ந்த இலையாகத்தான் தெரியும். வெயில் சரிவில் இறங்கி அவற்றின் மேல் பட்டதும் இறக்கையை விரிக்கும். பழுப்பு சட்டென்று ஊதாவாகும். அந்த ஊதாவில் சாயம் கிடையாது. செதிலின் அமைப்பில் ஒளி பட்டுத் தெறிக்கிற நிறம் என்பதால், தலையைக் கொஞ்சம் திருப்பினால் மறுபடி பழுப்பு.

அங்கே தன்னார்வலர்கள் வலையில் பிடித்து இறக்கையில் பேனாவால் குறி எழுதி விடுவார்கள். ஒரு ஆணை விரலில் பிடித்திருந்தபோது வால் நுனியிலிருந்து மஞ்சள் தூரிகை மாதிரி ரெண்டு மயிர்க்கற்றை வெளியே விரிந்தது. பெண்ணை மயக்க மணம் பரப்பும் உறுப்பு; பயத்திலும் நீட்டும்.

வசந்தத்தில் திரும்ப வடக்கே பறக்கும்போது லின்னெய் என்ற இடத்தில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். 2007இல் அங்கே சாலையோரம் வலை கட்டி, அவற்றை உயரப் பறக்க வைத்து, கூட்டம் மிகுந்தபோது ஒரு தடத்தையே மூடினார்கள். அந்தச் செய்தியைப் படித்துத்தான் நான் மாவ்லினுக்கே போனேன்.

நாணல்:

பயணம் போக வழியில்லாதவர்களுக்கு ஒன்று. நாணல் தண்டுகளை வெட்டிக் கட்டாகக் கட்டி ஒரு குழாய்க்குள் செருகி மரத்தில் மாட்டுங்கள். பொந்தில் கூடு வைக்கும் குளவிகளும் தனித்தேனீக்களும் குடிவரும். ஏப்ரலில் மாட்டினால் கோடை முழுக்க வேடிக்கை.

தண்டைப் பிளந்தால் ஒவ்வொரு குளவியின் சமையலறையும் தெரியும். மண் தடுப்புப் போட்ட அறைகள். ஒன்றில் மயங்கிக் கிடக்கும் கம்பளிப்பூச்சிகள், இன்னொன்றில் சிலந்தி, அதன் மேல் ஒட்டின முட்டை. சீனாவில் குத்தியன்ஷான் என்ற துணை வெப்பமண்டலக் காட்டில் இப்படி மாட்டின தண்டுகளில்தான் ஒரு புது இனம் கிடைத்தது; 2014இல் பெயர் வைத்தார்கள், டியூட்டராஜீனியா ஒசாரியம். சிலந்தி பிடிக்கும் குளவி. குஞ்சு அறைகளை மூடின பிறகு வாசல் அறையில் செத்த எறும்புகளைப் போட்டு அடைத்துவிடும், சில கூடுகளில் 13 எறும்புவரை. எறும்பு வாடையால் திருட்டு ஒட்டுண்ணிகள் அண்டுவதில்லை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்தக் குளவியின் கூடுகளில் ஒட்டுண்ணித் தொல்லை மற்றவற்றைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

சருகுமேடு அண்ணாவின் கட்சிக்கு ஒரு மறுப்பு. மாசமும் மணியும் சரி. ஆனால் எந்த மரம், பக்கத்தில் எத்தனை வகை மரம் என்பதும் அதே அளவு முக்கியம். பல வகை மரம் கலந்திருந்தால் பூச்சித் தின்னல் குறையும் என்று வழக்கமாகச் சொல்வோம். அதே குத்தியன்ஷானில் அளந்தபோது மர வகை கூடக் கூட இலைச்சேதமும் கூடியது. 2010இல் வெளியான ஆய்வு. பலதும் தின்னும் பூச்சிகளுக்குக் கலப்புக் காடு நல்ல விருந்து. இதைத் தோண்டிப் பார்க்கச் சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 2009, 2010இல் ரெண்டு லட்சத்துக்கு மேல் மரங்களை வெவ்வேறு கலவையில் நட்டு வைத்திருக்கிறார்கள்.

சருகுமேடு:

மறுப்பு ஏற்கப்பட்டது, பாதி. சேதம் கூடியது என்றால் அந்த இலைகளைத் தின்றவை எந்தப் பருவத்தில் தின்றன என்று கேட்பேன். தளிர் விடும் வசந்தத்தில் ஒரு கூட்டம், முற்றின இலைக்கு இன்னொரு கூட்டம்.

நாணல்:

எப்படிச் சுற்றினாலும் நாட்காட்டிக்கே வந்துவிடுவீர்கள்.

கேள்விக்குறி:

சரி, கணுக்கால் உள்ளதாகவே சொல்கிறேன். மழை தொடங்கின ஜூன். சருகுக்குள் தட்டையான முதுகு, ஓரமெல்லாம் மஞ்சள் பொட்டு வைத்த ஒரு மரவட்டை. கையில் எடுத்ததும் பாதாம் வாசம் அடித்தது. நிஜமாகவே அதிலிருந்துதானா? ஆபத்து உண்டா?

சருகுமேடு:

அதிலிருந்துதான். தட்டை முதுகு மரவட்டைகள் பயந்தால் ஹைட்ரஜன் சயனைடும் பென்சால்டிஹைடும் விடும். உனக்கு வந்த வாசம் இரண்டாவதுடையது. மஞ்சள் பொட்டு அதற்கான எச்சரிக்கைப் பலகை. அந்த அளவு ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்க்காதே. மூடின டப்பாவில் மற்ற பூச்சிகளோடு போடவும் போடாதே, அவை செத்துப்போகும். உருண்டையான நீள மரவட்டைகள் விடுவது வேறு திரவம். தோலில் பட்டால் பழுப்புக் கறை பிடித்து நாள்கணக்கில் போகாது.