‘எப்பவும் ஆணுறைதான்’ என்கிறார்கள், ஆனாலும் ஹெர்பிஸ் வருகிறது: படிவத்தில் என்ன கேட்கலாம்?

கேள்வி (கவுன்சிலர், கடலூர்):
பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களுக்கான ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்துகிறோம். பழைய படிவத்தில் வாரத்துக்கு எத்தனை வாடிக்கையாளர், ஆணுறை உண்டா என்ற இரண்டு கேள்விகள்தான். எல்லாரும் “எப்பவும் உண்டு” என்கிறார்கள். ஆனாலும் ஹெர்பிஸ் (பிறப்புறுப்பில் புண் வரவைக்கும் வைரஸ் தொற்று) புண்ணோடு வருகிறார்கள். எதை விட்டுவிட்டோம்?

பதில் 1:
“எப்பவும்” என்ற பதில் எதற்கும் உதவாது மேடம். “கடைசியா வந்தவரிடம் போட்டீங்களா, அதுக்கு முந்தினவரிடம்?” என்று ஆள் ஆளாகக் கேளுங்கள். பிறகு வீட்டுக்காரர் அல்லது நிரந்தரத் துணையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பெரிய ஓட்டை பெரும்பாலும் அங்கேதான். வாடிக்கையாளரிடம் கறாராக இருப்பவரும் வீட்டில் ஆணுறை கேட்டால் சந்தேகம் வரும் என்று விட்டுவிடுவார். தொழிலுக்கு வந்து எத்தனை மாதம், அன்று யார் குடித்திருந்தார்கள், அதிகப் பணம் தந்து வேண்டாம் என்றார்களா, அடித்தார்களா என்பதும் வேண்டும். புதிதாக வந்தவருக்கு மறுத்துப் பேசும் தைரியம் குறைவு.

ஹெர்பிஸ் ஆணுறை மூடாத தோல் வழியாகவும் பரவும்; புண் இல்லாத நாளிலும் பரவும். அதனால் ஆணுறை போட்டும் வந்தது என்றால் உடனே பொய் என்று முடிவு கட்டாதீர்கள். எச்.எஸ்.வி.-2 (பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வைரஸ்) உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. புண்ணோடு வந்தால் சிவப்பு கிட் (ஹெர்பிஸ் புண்ணுக்கான மருந்துப் பொட்டலம்: அசைக்ளோவிர் 400 மி.கி., தினம் 3 வேளை, 7 நாள்) கொடுப்பதோடு எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுக்க வேண்டும்.

பதில் 2:
ஆணுறை கிழிந்ததா என்பதையும் தனியாகக் கேளுங்கள். தேங்காய் எண்ணெய், வாசலின் தடவினால் லேடெக்ஸ் (ஆணுறை ரப்பர்) சில நிமிடங்களிலேயே பலமிழக்கும். எண்ணெய் இல்லாத, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் சரி. டெட்டால், சோப்பு போட்டு உள்ளே கழுவும் பழக்கமும் ஆபத்து: உட்தோல் அரித்து வைரஸுக்கு வழி விடும். கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது; 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். திங்கட்கிழமை வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

பதில் 3:
கடலூரில் குடியிருந்து பாண்டிச்சேரியில் தொழில் செய்பவர்கள் உண்டு. அங்கே புதுச்சேரி எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம், இங்கே தமிழ்நாட்டுச் சங்கம். இரண்டு பதிவேட்டிலும் விட்டுப்போக இடமுண்டு. எனவே “கடைசியா எங்கே, எந்த மாதம் எச்.ஐ.வி. டெஸ்ட்?” என்று கேளுங்கள். நெகட்டிவ் வந்தாலும், அதற்கு முந்தின 3 மாதத்தில் ஆபத்து இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும்.

மஞ்சள்காமாலை பி ஊசி 0, 1, 6 மாதம் என மூன்று தவணை. ஊர் மாறும்போது மூன்றாவதுதான் விடுபடுகிறது. தேதியைக் கார்டில் எழுதிக் கொடுங்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை 30 வயதில், எச்.ஐ.வி. உள்ளவருக்கு 25-லேயே.

படிவத்தில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். 2017 எச்.ஐ.வி./எய்ட்ஸ் சட்டப்படி சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கவோ முடிவைச் சொல்லவோ கூடாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது துணையைப் பற்றிய கேள்வியைக் கேட்டாலும் “எப்பவும்” என்றுதான் பதில் வரும்.