கேரளா, பாலக்காடு ஜில்லா ஸ்கூல் வாட்ஸ்அப் குழு: எட்டாவது தமிழ் டிவிஷன் (பெற்றோர் + பி.டி.ஏ. என்ற பெற்றோர் ஆசிரியர் கழகம்)

*மே 26*

*வேலந்தாவளம் அக்கா, காலை 7:42*
ஏனுங்க, எங்க நாத்தனார் பொண்ணு கோயமுத்தூர் பக்கம் ஏழாவது முடிச்சிருக்கா. இங்க எட்டாவது தமிழ் மீடியத்துல சேத்தறோம். டி.சி. மட்டும் கொண்டாந்தா போதுங்களா?

*ஆபீஸ் சார், 7:58*
போதாதுங்க. டி.சி. அசல், பிறப்பு சர்டிஃபிகேட், பிள்ளையோட ஆதார், ஏழாவது மார்க் ஷீட், அப்பறம் பென் நம்பர். பென் நம்பர் 11 இலக்கம், யூடைஸ்ல (மத்திய அரசோட ஸ்கூல் பதிவு) பிள்ளைக்குக் கொடுத்தது. தமிழ்நாட்டு ஸ்கூல் பதிவுல இருக்கற இ.எம்.ஐ.எஸ். நம்பர் வேற, இது வேற. நிறையப் பேரு அதை எழுதிட்டு வந்துடறாங்க.

*ஆபீஸ் சார், 8:01*
இன்னொண்ணு. பழைய ஸ்கூல்ல பேரை யூடைஸ் ட்ராப்பாக்ஸுக்கு (ஸ்கூல் மாறற பிள்ளைங்க லிஸ்ட்) தள்ளி விடச் சொல்லுங்க. அவங்க விட்டாத்தான் பென் நம்பரும் பிறந்த தேதியும் போட்டு நாங்க இந்தப் பக்கம் இழுக்க முடியும். டி.சி. கையில இருந்தும் இது நடக்காம மாசக்கணக்குல தொங்கும். டி.சி. வாங்கப் போற அன்னிக்கே கேட்டுருங்க, லீவுல அங்க ஆள் இருக்க மாட்டாங்க.

*ஒழலப்பதி மாமா, 8:10*
பக்கத்து வீட்டுப் பையன் கொழிஞ்சாம்பாறையில அப்பர் பிரைமரி (யு.பி.) ஸ்கூல்ல படிச்சான். அவனுக்கும் இவ்வளவும் வேணுமா?

*ஆபீஸ் சார், 8:14*
வேண்டாங்க மாமா. கேரள ஸ்கூல்ல இருந்து வந்தா சம்பூர்ணாவுலயே (கேரள ஸ்கூல்களோட பதிவு சைட்) டி.சி. போட்டு இங்க மாத்திருவாங்க, பேரு தேதி எல்லாம் அப்படியே வந்துரும். தமிழ்நாட்டுல இருந்து வர்ற பிள்ளைக்கு அந்த இணைப்பு கிடையாது. முதல் எழுத்துல இருந்து எல்லாத்தையும் கையில டைப் அடிக்கணும். தப்பு நுழையற இடமே அதுதான்.

*வேலந்தாவளம் அக்கா, 8:20*
என்ன தப்புங்க சார்?

*ஆபீஸ் சார், 8:33*
பேருதான் முதல்ல. டி.சி.யில இனிஷியல் முன்னாடி இருக்கும், ஆதார்ல பின்னாடி இருக்கும். இல்லன்னா ஆதார்ல அப்பா பேரு முழுசா இருக்கும். சம்பூர்ணாவுல ஆதார் நம்பர் போட்டதும் பேரு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா மூணும் ஒத்துப் பாக்கும். ஒண்ணு ஒத்துக்கலன்னாலும் "யூ.ஐ.டி. வேலிட்", அதாவது ஆதார் சரின்னு வராது. வேலிட் வராத பிள்ளை பெஞ்சுல உக்காந்திருந்தாலும் ஆறாம் நாள் கணக்குல விட்டுப் போயிரலாம்.

*எருத்தேம்பதி அம்மிணி, 8:41*
அதென்னங்க ஆறாம் நாள்? ஸ்கூல் திறந்தப்பறமும் சேரலாம்ல?

*பி.டி.ஏ. அண்ணா, 9:05*
சேரலாம் அம்மிணி, யாரும் தடுக்க மாட்டாங்க. ஆனா ஜூன்ல ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாள் சம்பூர்ணாவுல எத்தனை பேரு இருக்காங்களோ, அதை வெச்சுத்தான் அந்த வருஷம் எத்தனை டிவிஷன், எத்தனை டீச்சர்னு முடிவாகும். எட்டாவதுக்கு 35 பிள்ளைக்கு ஒருத்தர்ங்கறது கல்வி உரிமைச் சட்டக் கணக்கு. ஒன்பது, பத்துக்கு 45ன்னு கேரளக் கல்வி விதிக் (கே.இ.ஆர்.) கணக்கு. ஏழாம் நாள் பத்துப் பிள்ளை வந்து சேந்தாலும் அந்தக் கணக்குக்கு ஆகாது.

தமிழ் டிவிஷன் ஒண்ணு போச்சுன்னா அதோட தமிழ் மீடியம் கணக்கு டீச்சர், சயன்ஸ் டீச்சர் போஸ்டும் ஆட்டம் காணும். அடுத்த வருஷம் பிள்ளைங்க வந்தாலும் போஸ்ட் உடனே திரும்பாது. அரசுத் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) தமிழ் மீடியத்துக்குத் தனியா ஆள் எடுக்கணும், அது வரைக்கும் தினக்கூலி டீச்சர்தான். கே-டெட்ல (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) ஹைஸ்கூலுக்கான மூணாம் கேட்டகரி பாஸ் பண்ணி, தமிழ்லயும் சொல்லித் தரத் தெரிஞ்சவங்க அவ்வளவு சுலபமா கிடைக்கறதில்ல.

*ஒழலப்பதி மாமா, 9:12*
அப்ப "ஓணம் முடிஞ்சு சேத்துக்கலாம்"னு இருக்கற வீட்டுக்கு நாமளே போய்ச் சொல்லணும்.

*பி.டி.ஏ. அண்ணா, 9:15*
ஆமாங்க மாமா. ஞாயித்துக்கெழமை வடகரப்பதி, நாட்டுக்கல் பக்கம் போறோம். வார்டு மெம்பரும் வர்றாரு. வர முடிஞ்சவங்க சொல்லுங்க.

*அக்‌ஷயா தம்பி, 9:40*
எங்க அக்‌ஷயா இ-சேவை மையத்துக்கு ஆதார் திருத்த வர்றவங்க கவனிங்க. பேரை ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் மாத்தலாம், பிறந்த தேதி ஒரே தடவை. அவசரப்பட்டு மாத்தி அதுலயும் தப்பு வந்தா சிக்கல். முதல்ல பிறப்பு சர்டிஃபிகேட்டை எடுத்து வெச்சுப் பாருங்க. ஆதார்ல ஜனவரி 1ன்னு தேதி இருந்தா அது பெரும்பாலும் வருஷத்தை மட்டும் சொல்லி எடுத்த கார்டு, அதை மாத்தித்தான் ஆகணும். பிறப்பு சர்டிஃபிகேட்டும் ஆதாரும் ஒண்ணா இருந்து டி.சி.யில மட்டும் வேறயா இருந்தா ஆதாரைத் தொடாதீங்க, ஆபீஸ்ல சொல்லுங்க.

*அக்‌ஷயா தம்பி, 9:43*
15 வயசு ஆனதும் கைரேகையும் கண்ணும் புதுசா எடுக்கணும். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைங்களுக்கு இப்பவே பாத்துருங்க. 15-ல இருந்து 17-க்குள்ள இதுக்குக் காசு கிடையாது.

*மே 28*

*தமிழ் டீச்சர், மாலை 6:20*
அட்மிஷன் ஃபாரத்துல மூணு கட்டம் இருக்கு, யாரும் காலியா விட்டுறாதீங்க. மீடியம்: தமிழ். முதல் மொழி ஒண்ணாம் பேப்பர்: தமிழ். ரெண்டாம் பேப்பர்: தமிழ். "அவங்களே போட்டுக்குவாங்க"ன்னு விட்டா மலையாளம்னு ஏறிரும். மீடியம் மாறி ஏறிட்டா தமிழ் டிவிஷன் கணக்குல ஒரு தலை குறையும். அதே பதிவைப் பாத்துத்தான் புத்தகத்துக்கு இண்டென்ட் (ஆர்டர்) போடறது, அதனால புத்தகமும் மலையாளத்துல வந்து இறங்கும். பத்தாவது வரைக்கும் யாரும் பாக்கலன்னா கேள்வித்தாள்லயும் அந்தத் தப்பு நிக்கும்.

*எருத்தேம்பதி அம்மிணி, 6:31*
புத்தகம் சும்மா தருவாங்களா டீச்சர்?

*தமிழ் டீச்சர், 6:36*
எட்டாவது வரைக்கும் இலவசம். ஒன்பது, பத்துக்குக் காசு கட்டணும். தமிழ் புத்தகம் சில வருஷம் லேட்டாகும். சமக்ரா சைட்ல (கேரள அரசோட பாடச் சைட்) தமிழ் மீடியம் பி.டி.எஃப். இருக்கு, முதல் ரெண்டு பாடத்தை மட்டும் பிரின்ட் எடுத்தாப் போதும். முழுசா எடுத்துக் காசைக் கரைக்காதீங்க.

*வேலந்தாவளம் அக்கா, 6:40*
மத்தியானச் சோறு?

*தமிழ் டீச்சர், 6:44*
எட்டாவதுக்கு உண்டு அக்கா. வாரத்துல ரெண்டு நாள் பால் 150 மில்லி, ஒரு நாள் முட்டை. அரசுக் கணக்கு எட்டாவதோட சரி, ஒன்பதாவதுல இருந்து டிஃபன் டப்பாதான். ஒரே பந்தியில எட்டாவது சாப்பிட ஒன்பதாவது பாத்துட்டு நிக்கறது எனக்கு இன்னிக்கும் புடிக்காத காட்சி.

*ஒழலப்பதி மாமா, 6:52*
எட்டாவதுல இப்ப பாஸ் மார்க் வந்துருச்சாமே?

*தமிழ் டீச்சர், 7:04*
2024-25ல எட்டாவதுக்குக் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் ஒன்பது, அதுக்கடுத்து பத்துன்னு ஏத்திட்டுப் போறாங்க. எழுத்துப் பரீட்சையில மட்டுமே 30 சதவீதம் வேணும். 80 மார்க் பேப்பர்னா 24, 40 மார்க் பேப்பர்னா 12. முன்னெல்லாம் 80-க்குக் கூட சி.இ. (தொடர் மதிப்பீட்டு மார்க்) 20 முழுசா கிடைச்சிரும், எழுதி 10 எடுத்தாலே 100-க்கு 30 ஆயிரும். இனி அப்படி ஒப்பேத்த முடியாது. நம்ம பிள்ளைங்க வழுக்கறது இங்கிலீஷும் ஹிந்தியும். தமிழ்நாட்டுல இருந்து வர்ற பிள்ளைக்கு ஹிந்தி எழுத்தே புதுசு. ஜூன்லயே எழுத்து உக்கார வெச்சாத்தான் ஓணப் பரீட்சைக்கு ஒரு வாக்கியமாவது படிக்கும்.

*வேலந்தாவளம் அக்கா, 7:10*
அய்யோ, இவளுக்கு ஹிந்தி அ, ஆ கூடத் தெரியாது.

*தமிழ் டீச்சர், 7:12*
பயப்படாதீங்க அக்கா. ரெண்டு மாசம் தினம் அரை மணி நேரம். எழுத்து அட்டை என்கிட்ட இருக்கு, தர்றேன்.

*பி.டி.ஏ. அண்ணா, 7:30*
பத்தாவது பெற்றோருக்கும் இங்கயே சொல்லிடறேன். பரீட்சைக்கு முன்னாடி ஏ லிஸ்ட் (பரீட்சை எழுதற பிள்ளைங்க விவரம்) சரி பாக்கக் கூப்பிடுவாங்க. பேரு, இனிஷியல், அம்மா பேரு, தேதி எல்லாத்தையும் ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. எஸ்.எஸ்.எல்.சி. கார்டு (பத்தாவது சர்டிஃபிகேட்) வர்றதுக்கு முன்னாடின்னா ஸ்கூல் மூலமாவே திருத்த வழி இருக்கு. கார்டு வந்தப்பறம் திருவனந்தபுரம் பரீக்‌ஷா பவன் (பரீட்சை ஆபீஸ்) வரைக்கும் காகிதம் போகணும்.

*ஒழலப்பதி மாமா, 7:41*
பிளஸ் ஒன்?

*பி.டி.ஏ. அண்ணா, 7:49*
ஏகஜாலகத்துல (பிளஸ் ஒன் ஆன்லைன் அட்மிஷன்) ஆப்ஷன் போடறப்ப அந்த ஸ்கூல்ல ரெண்டாம் மொழி தமிழ் இருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க மாமா, பல ஸ்கூல்ல கிடையாது. முதல் ஆப்ஷனே கிடைச்சா நிரந்தரமா சேந்துரணும். கீழ ஆப்ஷன் கிடைச்சா தற்காலிகமா சேந்துட்டுக் காத்திருக்கலாம். சேராம சும்மா இருந்தா அடுத்த அலாட்மென்ட்ல பேரே வராது.

*எருத்தேம்பதி அம்மிணி, 7:55*
கலோத்ஸவத்துல (ஸ்கூல் கலை விழா) தமிழ் இருக்குங்களா?

*தமிழ் டீச்சர், 8:02*
தமிழ் பத்யம் (செய்யுள்) சொல்லுதல் இருக்கு அம்மிணி. சப்-ஜில்லா, ஜில்லா, ஸ்டேட்னு ஏறணும். பாட்டை அக்டோபர்ல தேடாம இப்பவே எடுத்து வெச்சுக்கணும். 2024-25ல இருந்து இருளர் நிருத்தம், பளிய நிருத்தம்னு பழங்குடி ஆட்டமெல்லாம் சேத்திருக்காங்க, நம்ம ஜில்லா அட்டப்பாடிக்கு அது நல்ல சேதி. சரி, இதை ஜூலையில பேசிக்கலாம். இப்ப தலைக்கணக்கைப் பாப்போம்.

*ஆறாம் நாள்*

*ஆபீஸ் சார், காலை 9:10*
தமிழ் எட்டாவதுல மூணு பேருக்கு இன்னும் வேலிட் வரல. ரெண்டு பேருக்கு இனிஷியல், ஒருத்தருக்குத் தேதி. அந்த மூணு வீட்டுக்கும் தனியா மெசேஜ் போட்டிருக்கேன். ஆதார் அசலோட உடனே வாங்க, போட்டோ அனுப்பாதீங்க. மங்கலான போட்டோவுல 3 எது 8 எதுன்னு தெரியறதில்ல.

*வேலந்தாவளம் அக்கா, 9:14*
எங்களுதும் அதுல இருக்குங்களா சார்?

*ஆபீஸ் சார், 9:15*
இல்லக்கா, உங்களுது முந்தாநாளே வேலிட் ஆயிருச்சு. யூடைஸ்லதான் பழைய ஸ்கூல் இன்னும் விடல. இன்னொருக்கா போன் பண்ணிப் பாருங்க.

*அக்‌ஷயா தம்பி, 9:22*
இனிஷியல் ரெண்டும் ஸ்கூல் பக்கம் டைப் அடிச்சதுல வந்த தப்புன்னா ஆதார் மாதிரியே ஸ்பேஸ் விட்டு அடிச்சுப் பாருங்க சார். புள்ளி வெச்சா சில நேரம் எடுக்காது.

*ஆபீஸ் சார், 11:47*
ரெண்டும் எடுத்துருச்சு. புள்ளிதான். தேதிக்காரர் வீட்டுல யாரும் போன் எடுக்கல.

*ஒழலப்பதி மாமா, 11:49*
வீடு எங்க சார்? வண்டி எடுத்துட்டுப் போறேன்.